"இவ்வளவுதானா ஆடை?" - பெல்லி டான்ஸ் மேலாடையின் கதை

பெல்லி டான்ஸ் என்றதும் எல்லோர் மனதிலும் ஓடுவது ஒரே படம்தான். மணியும் ஜிகினாவும் மின்னும் ஒரு சின்ன மேலாடை, இடுப்பில் அதே மாதிரி ஒரு பட்டை, கீழே காற்றில் பறக்கும் பாவாடை. "இவ்வளவுதானா போட்டிருக்கிறார்கள்?" என்பதுதான் பார்ப்பவர்கள் வாயில் வரும் முதல் கேள்வி. முகம் சுளிப்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், விசில் அடிப்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்!

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அரை மணி நேரம் தோளையும் மார்பையும் குலுக்கி, முதுகை வளைத்து, சுழன்று ஆடுகிறாரே ஒருவர்... அந்தச் சின்ன மேலாடை நழுவாமல் நிற்பது எப்படி? அதற்குள் உடம்பைத் தாங்குவது எது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கெய்ரோ, பாரிஸ், சிகாகோ, நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ என்று ஒரு நூற்றாண்டு வரலாறு வெளியே வருகிறது. எவ்வளவு காட்டலாம், எவ்வளவு மறைக்கவேண்டும் என்று அரசாங்கமும் ஊர்ப் பெரியவர்களும் சினிமாக்காரர்களும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். எப்படித் தாங்குவது என்ற கேள்வியை மட்டும் ஆடுபவரிடமும் அவருக்குத் தைத்துக் கொடுப்பவரிடமும் விட்டுவிட்டார்கள். விடையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது.

முதலில் கொஞ்சம் உடற்கூறு

மார்பகத்துக்குள் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளும் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய இழைகளும்தான். மார்புத் தசை இருப்பது அதற்குப் பின்னால். அந்த இழைகளை விரிவாக ஆராய்ந்து 1840ல் புத்தகம் எழுதியவர் ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். இன்றும் அவை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. உடற்பயிற்சி செய்து கையையும் தொடையையும் இறுக்குவது போல இதை இறுக்கமுடியாது. வெளியிலிருந்துதான் ஏதாவது ஒன்று தாங்கவேண்டும்.

உடம்பு குதித்தால் மார்பகம் மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை. பக்கவாட்டிலும் ஆடும், முன்னும் பின்னும் ஆடும். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் இந்த அசைவை அளப்பதற்கென்றே ஓர் ஆய்வுக்குழு இருக்கிறது. சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. தாங்கல் சரியாக இல்லாவிட்டால் வலிக்கும். அந்த வலிக்குப் பயந்தே ஓடுவதை, ஆடுவதை விட்ட பெண்கள் ஏராளம்.

ஓடுபவருக்கு விடை கொஞ்சம் எளிது. இறுக்கிக் கட்டி அசைவைக் குறைத்தால் போதும். பெல்லி டான்ஸில் அது நடக்காது. தோளைக் குலுக்கும் 'ஷிம்மி'தான் அந்த ஆட்டத்தின் உயிர். மேல் உடம்பு அசையவேண்டும், ஆனால் ஆடை நழுவக் கூடாது. முதுகு தெரியவேண்டும், தோள் தெரியவேண்டும், ஆனால் தாங்கிப் பிடிக்கும் பட்டி தெரியக் கூடாது. போதாக்குறைக்கு மேலாடை முழுக்க மணியும் காசும் தொங்கும். அதன் எடையையும் சேர்த்துத் தாங்கவேண்டும். இத்தனை நிபந்தனைகளும் ஒரு சின்னத் துணித் துண்டின் தலையில்!

பழைய எகிப்தில் இந்தப் பிரச்சினை இல்லை

இப்போது பார்க்கும் இரண்டு துண்டு ஆடை ஆயிரம் வருடத்துப் பழைய அரபு ஆடை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல.

எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் கெய்ரோவில் பல ஆண்டுகள் தங்கி, எகிப்தியர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி 1836ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தெருவிலும் கல்யாண வீடுகளிலும் ஆடிய 'கவாஸி' பெண்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து எகிப்தியப் பெண்கள் உள்ளே ஒரு மெல்லிய சட்டையும், அதற்கு மேல் 'யெலெக்' என்ற நீண்ட அங்கியும் அணிந்தார்கள். யெலெக்கின் கழுத்து நன்றாக இறக்கி வெட்டப்பட்டிருக்கும். அந்த இடத்தை உள்சட்டை மறைக்கும். மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரை வரிசையாகப் பொத்தான், உடம்போடு ஒட்டிய தையல். இடுப்பில் ஒரு சால்வையைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள்.

அந்தப் பொத்தான் வரிசையைக் கவனியுங்கள். நம் ஊரில் ஓர் இறுக்கமான ரவிக்கை செய்யும் வேலையைத்தான் அது செய்தது. விலா எலும்பைச் சுற்றி அங்கியே இறுகப் பிடிக்கும்போது தனியாக ஒரு தாங்கல் தேவைப்படவில்லை.

ஆடை உடம்பை மறைத்திருந்தும் ஆடியவர்களுக்கு மரியாதை கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். 1834ல் எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி, கெய்ரோவில் ஆடிய இந்தப் பெண்களைத் தெற்கே மேல் எகிப்துக்குத் துரத்திவிட்டார்.

கார்செட் போடாத பெண்கள்!

1889ல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. ஈபிள் கோபுரம் கட்டப்பட்டது அதற்காகத்தான். அங்கே 'கெய்ரோ தெரு' என்று ஒரு செட் போட்டு எகிப்திய நடனத்தையும் காட்டினார்கள். கூட்டம் அலைமோதியது. 1893ல் அமெரிக்காவின் சிகாகோ கண்காட்சியிலும் அதே போல ஒரு 'கெய்ரோ தெரு'. கேளிக்கைப் பகுதியைக் கவனித்துக்கொண்டவர் சால் புளூம் என்ற இளைஞர், வயது இருபத்து மூன்று. ஆட்டத்துக்கு பிரெஞ்சு மொழியில் 'வயிற்று நடனம்' என்று பெயர் சொல்லி விளம்பரம் செய்தார்கள். 'பெல்லி டான்ஸ்' என்ற ஆங்கிலப் பெயருக்கு வேர் அதுதான்.

ஒழுக்கக் காவலராகப் பெயர் வாங்கிய அந்தோணி காம்ஸ்டாக் நியூயார்க்கிலிருந்து கிளம்பி வந்து, இந்த ஆட்டத்தை நிறுத்தவேண்டும் என்று ரகளை செய்தார். அப்படி என்னதான் உடுத்தியிருந்தார்கள் அந்தப் பெண்கள்? அந்தக் காலப் புகைப்படங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். உள்ளே சட்டை, மேலே கை இல்லாத சின்ன ஜாக்கெட், கீழே நீளப் பாவாடை. இன்றைய கணக்கில் அது அடக்கமான உடை.

அன்றைய அமெரிக்கர்களை அதிரவைத்தது வெளியே தெரிந்த தோல் அல்ல, உள்ளே இல்லாத கார்செட். மேற்கத்திய 'நல்ல குடும்பத்துப் பெண்' அன்று திமிங்கல எலும்பும் இரும்புப் பட்டையும் வைத்துத் தைத்த கார்செட்டுக்குள் இருந்தார். நெஞ்சிலிருந்து இடுப்பு வரை ஒரே கூடு. வளையமுடியாது, ஆழமாக மூச்சு விடமுடியாது. எகிப்தியப் பெண்ணின் இடுப்பும் வயிறும் தனித்தனியாக அசைந்தபோது, பார்த்தவர்களுக்கு அது ஆடை இல்லாமல் நிற்பது போலத் தோன்றியது.

மூன்று வருடம் கழித்து, 1896ல், எடிசன் நிறுவனம் 'ஃபாத்திமா' என்ற நடனக்காரரின் ஆட்டத்தைப் படம் பிடித்தது. அதன் தணிக்கை செய்யப்பட்ட பிரதி ஒன்று இன்றும் இருக்கிறது. மார்புக்கும் இடுப்புக்கும் குறுக்கே வெள்ளைக் கோடுகள், வேலி போட்டது போல! சினிமாத் தணிக்கையின் ஆரம்ப கால உதாரணங்களில் அதுவும் ஒன்று.

சுவாரசியமான ஒற்றுமை ஒன்று உண்டு. பாரிஸில் 'கெய்ரோ தெரு' நடந்த அதே 1889 கண்காட்சியில்தான் எர்மினி கதோல் என்ற பிரெஞ்சுப் பெண், கார்செட்டை இரண்டாக வெட்டிய புது உள்ளாடையைக் காட்சிக்கு வைத்தார். மேல் பாதியின் எடையைத் தோள் பட்டிகள் தாங்கின. சிகாகோ கண்காட்சி நடந்த அதே 1893ல் நியூயார்க்கைச் சேர்ந்த மேரி டூசெக் என்ற பெண் 'மார்பகத் தாங்கி' ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அடியில் வளைந்த தகடு, இரண்டு மார்புக்கும் தனித்தனிப் பை, தோளில் பட்டி, பின்னால் கொக்கி. இன்றைய அண்டர்வயர் பிராவின் பாட்டி என்றே சொல்லலாம். ஒன்றைப் பார்த்து இன்னொன்று வந்தது என்று சொல்லமுடியாது. கார்செட் இல்லாமலும் ஒரு பெண் உடம்பு நிமிர்ந்து நிற்கும் என்ற விஷயத்தை ஒரே காலத்தில் மேடையில் சிலர் ஆடிக் காட்டினார்கள், தையல் அறையில் சிலர் தைத்துக் காட்டினார்கள்.

சலோமி வந்தாள், மணி மார்புக்கவசம் வந்தது

சட்டையும் ஜாக்கெட்டும் போய் மணி கோத்த மேலாடை எப்போது வந்தது? அது வந்தது எகிப்திலிருந்து அல்ல, ஐரோப்பிய மேடையிலிருந்து!

1905ல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'சலோமி' இசை நாடகம் அரங்கேறியது. பைபிளில் வரும் இளவரசியின் நடனம்தான் அதன் உச்சக் காட்சி. அதைத் தொடர்ந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சலோமிப் பைத்தியம் பிடித்தது. 1908ல் லண்டன் பேலஸ் தியேட்டரில் மாட் ஆலன் என்ற கனடா நாட்டுப் பெண் ஆடிய சலோமி நடனத்துக்கு மாதக்கணக்கில் கூட்டம் குறையவில்லை. அவர் அணிந்தது முத்தும் மணியும் கோத்த மார்புக்கவசம். அதற்கு முன்பே 1905 மார்ச்சில் பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் மாதா ஹரி ஆடினார். ஜாவா, இந்தியா என்று சொல்லிக்கொண்டு அவர் ஆடிய அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு துணியாகக் கழன்று போனாலும் கற்கள் பதித்த மார்புக்கவசம் மட்டும் கடைசி வரை கழலவில்லை.

கிழக்கு நாட்டு ஆடை என்று மேற்கு கற்பனை செய்து தைத்தது இது. கவசம் பார்க்க அழகு, தாங்குவதில் சுமார். உலோகமும் கல்லும் எடையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. மேடையில் சில நிமிடம் நிற்பதற்குச் சரி. இரவு முழுக்க ஆடுவதற்கு?

ஒரு நடன விருந்தும் இரண்டு கைக்குட்டையும்

அதே காலத்தில் மேடைக்கு வெளியேயும் இதே பிரச்சினை தலைதூக்கியது. நியூயார்க்கில் பணக்காரக் குடும்பத்தைச் சேர்ந்த மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண்ணுக்கு ஒரு நடன விருந்து. போட்டுக்கொள்ள மெல்லிய துணியில் இறக்கமான கழுத்து வைத்த கவுன். உள்ளே இருந்த கார்செட்டின் எலும்புகள் கவுனுக்கு மேலே எட்டிப் பார்த்தன. அவர் என்ன செய்தார்? வீட்டுப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, இரண்டு பட்டுக் கைக்குட்டைகளையும் கொஞ்சம் ரிப்பனையும் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து தைத்தார்கள். அன்று இரவு அவரால் தாராளமாக ஆடமுடிந்தது.

1914 நவம்பர் 3ஆம் தேதி 'முதுகு இல்லாத பிரேசியர்' என்று அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்து வியாபாரம் செய்து பார்த்தார், சரிப்படவில்லை. வார்னர் பிரதர்ஸ் கார்செட் கம்பெனிக்கு 1500 டாலருக்கு விற்றுவிட்டார். (சினிமா எடுக்கும் வார்னர் பிரதர்ஸ் வேறு, இது வேறு.) அந்தத் தொகை பின்னாளில் உருவான சந்தைக்கு முன்னால் சில்லறைக் காசு! பிற்காலத்தில் கரெஸ் கிராஸ்பி என்ற பெயரில் இலக்கியப் பதிப்பாளராகப் புகழ் பெற்றவரும் இவர்தான்.

ஆனால் கைக்குட்டை பிரா மார்பை அமுக்கித் தட்டையாக்கியதே தவிரத் தூக்கித் தாங்கவில்லை. அடுத்த படியும் ஒரு துணிக்கடையில்தான் நடந்தது. 1920களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் 'எனிட் ஃபிராக்ஸ்' என்ற கடையில் கவுன் தைத்து விற்றவர்கள் எனிட் பிஸெட், ஐடா ரோசன்தல், ஐடாவின் கணவர் வில்லியம். தைத்த கவுன் உடம்பில் சரியாக உட்காரவேண்டும் என்பதற்காக, இரண்டு கப் வைத்த பிரா ஒன்றைக் கவுனோடு சேர்த்தே கொடுத்தார்கள். வந்தவர்கள் கவுனை விட்டுவிட்டு பிராவைக் கேட்க ஆரம்பித்தார்கள்! 'மெய்டன்ஃபார்ம்' கம்பெனி பிறந்த கதை அது. 1930களில் ஏ, பி, சி, டி என்று கப் அளவுகளும் வந்தன.

அதாவது நடன மேடைக்குத் தேவையான மூலப்பொருள் இப்போது கடையில் கிடைக்க ஆரம்பித்துவிட்டது.

கெய்ரோவில் 'பெத்லா'

1926ல் கெய்ரோவில் பதியா மஸப்னி என்ற பெண் சொந்தமாக ஒரு கேளிக்கை அரங்கம் தொடங்கினார். சிரியா-லெபனான் பகுதியிலிருந்து வந்தவர், தானே பாடகி, தானே நடனக்காரர், தானே முதலாளி. பெரிய மேடை, பெரிய இசைக்குழு, கலவையான ரசிகர்கள். கல்யாண வீட்டு முற்றத்தில் நின்ற இடத்தில் ஆடிய ஆட்டம் இங்கே மேடை முழுக்க நடக்க ஆரம்பித்தது. கை அசைவுகள் விரிந்தன. தஹியா கரியோகா, சாமியா கமால் போன்ற நட்சத்திரங்கள் இங்கிருந்துதான் வந்தார்கள். பிறகு எகிப்திய சினிமாவுக்குள் போனார்கள்.

ஹாலிவுட் படங்களிலும் மேற்கத்திய மேடைகளிலும் வந்துகொண்டிருந்த அந்தக் கற்பனைக் 'கிழக்கு' ஆடையை கெய்ரோ மேடை தன்னுடையதாக்கிக்கொண்டது. மணி வைத்த பிரா, இடுப்புப் பட்டை, பாவாடை. இதற்கு அரபியில் 'பெத்லா' என்று பெயர். ஆண்கள் போடும் கோட் சூட்டுக்கும் அங்கே அதே சொல்தான். மொத்தத்தில், எகிப்தைப் பற்றி மேற்கு கண்ட கனவை எகிப்து வாங்கி, வெட்டித் தைத்து, ஆடத் தகுந்ததாக ஆக்கியது.

இங்கேதான் தையலின் திறமை. கடையில் வாங்கும் பிராவை அப்படியே போட்டு ஆடினால் என்ன ஆகும்? அதன் பட்டிகளில் எலாஸ்டிக் இருக்கிறது. மணிச் சரத்தின் எடையில் எலாஸ்டிக் நீளும். குலுக்கும்போது துள்ளும். ஆடை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் போகும். அதனால் பெல்லி டான்ஸ் மேலாடை தைப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான்:

உறுதியான கப் உள்ள, அடியில் கம்பி வைத்த பிரா ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். தோள் பட்டியையும் முதுகுப் பட்டியையும் வெட்டி எறிந்துவிடுவார்கள். அந்த இடத்தில் நீளாத துணியில், உள்ளே கன்வாஸ் போன்ற விறைப்பான துணி வைத்து, அகலமான புதுப் பட்டி தைப்பார்கள். கப்புக்கும் உள்ளே விறைப்பு கொடுப்பார்கள். அதற்கு மேல் பளபளப்புத் துணியை இழுத்துத் தைத்து, கடைசியில்தான் மணி கோப்பார்கள். உள்பக்கம் வியர்வை உறிஞ்ச பருத்தி லைனிங். ஒன்றுக்கு இரண்டாகக் கொக்கி. அவசரத்துக்கு ஒரு சேஃப்டி பின்!

எடையைத் தாங்குவது தோள் பட்டி என்றுதான் பலர் நினைப்பார்கள். உண்மையில் வேலையில் பெரும்பங்கு விலா எலும்பைச் சுற்றிப் போகும் கீழ்ப் பட்டிக்குத்தான். அது சரியாகப் பிடித்தால் தோளுக்குப் பாரம் குறையும். கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடும் மாதிரி அழகாக இருக்கும், ஆனால் மொத்த எடையும் கழுத்தில் இறங்கித் தலைவலியில் முடியும். அதனால்தான் கனமான ஆடைகளில் பட்டிகளை முதுகில் குறுக்காகப் போட்டு எடையைப் பிரித்துவிடுகிறார்கள். முதுகில் தெரியும் அந்த எக்ஸ் வடிவத்துக்கும் மணி கோத்துவிட்டால் அது அலங்காரம் ஆகிவிடும். தாங்கும் பட்டியை மறைக்கமுடியாத இடத்தில் அதையே நகை ஆக்கிவிடுவது... இந்தக் கலையின் பெரிய தந்திரமே இதுதான்.

கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய யெலெக் செய்த அதே வேலை, அதே இடத்தில், விலா எலும்பைச் சுற்றி! நடுவில் இருந்த துணி மட்டும் காணாமல் போயிருந்தது.

சட்டம் அளந்தது வேறு

1952 ஜனவரி 26ஆம் தேதி கெய்ரோவில் பெரும் கலவரம் வெடித்து நகரத்தின் மையப்பகுதி எரிந்தது. முதலில் எரிந்த இடங்களில் பதியா தொடங்கிய 'காசினோ ஓபரா'வும் ஒன்று. அதற்கு முன்பே அவர் எகிப்தை விட்டுப் போய்விட்டார். அந்த ஆண்டு ஜூலையில் புரட்சி. பிறகு வந்த ஆட்சியில் நடனத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. வயிறு வெளியே தெரியக் கூடாது என்று விதி வந்தது. நடனக்காரர்கள் மேலாடைக்கும் இடுப்புப் பட்டைக்கும் நடுவில் மெல்லிய வலைத்துணி வைத்துத் தைத்துக்கொண்டார்கள். விதியும் காப்பாற்றப்பட்டது, ஆட்டமும் காப்பாற்றப்பட்டது.

1959ல் மஹ்மூத் ரெடா தொடங்கிய குழு வேறு வழியில் போனது. கிராமத்து ஆடைகளை அடிப்படையாகக் கொண்டு உடம்பை மூடிய உடையில் நாட்டுப்புற நடனம். அதன் முதன்மை நடனக்காரர் ஃபரிதா ஃபஹ்மி. குடும்பத்தோடு பார்க்கலாம் என்ற மரியாதை அந்தக் குழுவுக்குக் கிடைத்தது.

ஆடையைச் சட்டம் அளப்பது பழைய கதை அல்ல. 2018 பிப்ரவரியில் கூட எகிப்தில் ஆடிய ஒரு ரஷ்ய நடனக்காரர் ஆடை தொடர்பான குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். கழுத்து வலிக்கிறதா, தோளில் பட்டி வெட்டுகிறதா, மேடையில் கொக்கி அறுந்தால் அந்தப் பெண்ணின் மானம் என்ன ஆகும்... இதெல்லாம் எந்த விதியிலும் இல்லை. அறுந்தால் பழி அவர் மேல்தான் விழும்!

கலிபோர்னியாவில் ஒரு ராஜஸ்தான் சோளி

இந்தக் கதையில் இந்தியா நுழைவது எதிர்பாராத ஓர் இடத்தில்.

1968ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜமீலா சலிம்பூர் என்பவர் 'பால் அனாத்' என்ற குழுவைத் தொடங்கினார். திறந்தவெளித் திருவிழாக்களில் பல நாட்டு ஆடைகளைக் கலந்து போட்டு ஆடினார்கள். அவரிடம் படித்த மாஷா ஆர்ச்சர், பிறகு அவரிடம் படித்த கரோலினா நெரிச்சியோ என்று அந்தப் பரம்பரை வளர்ந்தது. நெரிச்சியோ 1987ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய குழுவின் பாணி உலகம் முழுக்கப் பரவியது. 'அமெரிக்கன் டிரைபல்' என்று அப்போது அதற்குப் பெயர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட மேலாடை நம் ஊர் சோளி. குஜராத், ராஜஸ்தான் பக்கம் பெண்கள் அணியும், முன்பக்கம் மூடி முதுகு திறந்து கயிற்றால் கட்டும் வகை. அங்கே அதற்குக் 'காஞ்சளி' என்று பெயர். வடமொழியின் 'கஞ்சுகம்'தான் அதன் வேர். தமிழ் இலக்கியத்திலும் சட்டை என்ற பொருளில் கஞ்சுகம் வரும்.

திறந்த முதுகுச் சோளிக்குள் சாதாரண பிரா போட்டால் பின்பட்டி பளிச்சென்று தெரியும். போடாவிட்டால் தாங்கல் இல்லை. இதற்கு அவர்கள் கண்ட விடை அபாரமானது. பிராவைச் சோளிக்கு உள்ளே போடவில்லை, மேலே போட்டார்கள்! பழைய காசுகள், சங்கிலிகள், வெள்ளிப் பதக்கங்கள் வைத்துத் தைத்த கனமான பிரா, சோளிக்கு வெளியே. தாங்கவேண்டியது தாங்கியது, மறைக்கவேண்டியது எதுவும் மிச்சம் இல்லை. உள்ளாடை என்ற சொல்லின் அர்த்தமே அங்கே மாறிப்போனது.

இந்தக் குழுக்களில் எல்லா உடல்வாகுப் பெண்களும் ஆடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சினிமா நட்சத்திரத்தின் அளவுக்கு மட்டுமே பொருந்தும் ஆடை அவர்களுக்கு உதவாது. அவரவர் அளவுக்கு அவரவர் கையால் தைக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியதற்கு அது ஒரு காரணம்.

நாடக அறையில் பிறந்த ஸ்போர்ட்ஸ் பிரா

கடைசியாக ஒரு சம்பவம். இது பெல்லி டான்ஸ் மேடையில் நடந்ததல்ல. ஆனால் மேடைத் தையல்காரர்களின் கைத்திறமை உலகத்துக்குக் கொடுத்த மிகப்பெரிய பரிசு இதுதான்.

1977. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்ற பெண் தினமும் ஓடிக்கொண்டிருந்தார். ஓடுவதற்கேற்ற பிரா அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய தோழி பாலி ஸ்மித் நாடக உடை வடிவமைப்பாளர். பாலியின் உதவியாளர் ஹிண்டா ஷ்ரைபர் (பின்னாளில் ஹிண்டா மில்லர்). யோசித்துக்கொண்டிருந்தபோது லிசாவின் கணவர், ஆண் விளையாட்டு வீரர்கள் போடும் ஜாக்ஸ்ட்ராப்பை எடுத்து மார்பில் மாட்டிக்கொண்டு கிண்டல் செய்தார். கிண்டலிலிருந்து யோசனை பிறந்தது. இரண்டு ஜாக்ஸ்ட்ராப் வாங்கி, வெர்மாண்ட் பல்கலைக்கழக நாடக அரங்கின் உடை அறையில் வைத்து, ஒன்றாகச் சேர்த்துத் தைத்தார்கள். பட்டிகள் முதுகில் குறுக்காகப் போயின. லிசா அதைப் போட்டுக்கொண்டு ஓட, ஹிண்டா அவருக்கு முன்னால் பின்புறமாக ஓடிக்கொண்டே எவ்வளவு அசைகிறது என்று பார்த்தார்!

முதலில் 'ஜாக்பிரா' என்று பெயர் வைத்து, பிறகு 'ஜாக்' என்பதை மெல்லோட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக மாற்றிக்கொண்டார்கள். 1979ல் காப்புரிமை கிடைத்தது. 1990ல் கம்பெனியை பிளேடெக்ஸ் வாங்கியது. 2022ல் மூவரும் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் அரங்கத்தில் சேர்க்கப்பட்டார்கள். 1500 டாலருக்கு விற்றுவிட்டுப் போன 1914ஆம் ஆண்டுப் பெண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த முறை கண்டுபிடித்தவர்களே பதின்மூன்று வருடம் கம்பெனி நடத்திவிட்டுத்தான் விற்றார்கள்.

அது ஏன் ஒரு நாடக உடை அறையில் நடந்தது? அந்த அறையில்தான் உடம்பு அசையும்போது துணி என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். நிற்பவருக்குத் தைப்பது வேறு, ஆடுபவருக்குத் தைப்பது வேறு. அந்த வித்தியாசம் கெய்ரோவின் தையல்காரருக்கும் தெரியும், வெர்மாண்டின் பாலி ஸ்மித்துக்கும் தெரியும்.

கணக்கில் வராத பெயர்கள்

இந்த வரலாற்றில் பெயர் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். காப்புரிமை வாங்கியவர்கள், அரங்கம் நடத்தியவர்கள், சினிமாவில் ஆடியவர்கள். மேரி பெல்ப்ஸ் ஜேக்கப்புக்கு ஊசி நூல் எடுத்துக்கொடுத்துக் கூடவே தைத்த பணிப்பெண்ணின் பெயர் காப்புரிமையில் இல்லை. கெய்ரோ அரங்கங்களின் பின்கட்டில் உட்கார்ந்து, எலாஸ்டிக்கை வெட்டிவிட்டு நீளாத பட்டி தைத்தால்தான் நிற்கும் என்று முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவருக்கு யாரும் 1500 டாலர் கொடுக்கவும் இல்லை.

அவர்கள் வேலை நன்றாக இருந்தால் அது கண்ணில் படாது. படாமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி. அதனாலேயே மணியும் ஜிகினாவும் வரலாற்றில் ஏறின, உள்ளே இருந்த கன்வாஸ் பட்டி ஏறவில்லை. "இவ்வளவுதானா ஆடை?" என்று நூறு வருடமாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, அந்த 'இவ்வளவுக்குள்' ஒரு பெண் வலியில்லாமல், பயமில்லாமல் ஆடுவதற்கான வழியை வேறு சில பெண்கள் சத்தமில்லாமல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த முறை டிவியிலோ மேடையிலோ ஒரு பெல்லி டான்ஸ் வந்தால், முகம் சுளிப்பதற்கும் விசில் அடிப்பதற்கும் முன்னால், ஆடுபவர் சுழன்று திரும்பும்போது முதுகைக் கொஞ்சம் கவனியுங்கள். மணி கோத்த இரண்டு பட்டிகள் எக்ஸ் போலக் குறுக்கே போகும். அலங்காரம் மாதிரித்தான் தெரியும். எடையைப் பிரித்துச் சுமக்க உதவுபவை அவை.